இவருடைய கூடுதல் எக்ஸ்

யூன் 3, செவ்வாய்

சோளகக் காற்று பிடித்துவிட்டது. விடியக் கட்டிய வெள்ளைச் சீலை கிளினிக் போய்ச் சேருமுன் செம்மண் நிறம். பொதுநோக்கு மண்டபத்தில் சுகவனிதையர் கிளினிக். பதினொரு பேர், மூவர் புதியவர்கள். பிரஷர் பார்க்கும் கருவியின் பட்டி பிய்ந்துவிட்டது, கந்தோருக்கு எழுத வேண்டும்.

வழக்கமான பேச்சு, மார்பில் கட்டி இருக்கிறதா என்று தானே தொட்டுப் பார்ப்பது எப்படி என்று. மாதத்தில் ஒரு நாள், குளிக்கும்போது, சோப்புக் கை, விரல் தட்டையாக, மணிக்கூடு சுற்றுகிற மாதிரி. கடைக்கார சபீனா எழும்பி, "மிஸ், எங்கட வீட்டு மணிக்கூடு நிண்டு கனகாலம், நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் நான் சொல்ல வந்த இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

இவர், என் கணவர், வெளியில் வேம்பின் கீழே, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி பேப்பர். நான் ஸ்கூட்டரால் விழுந்து கை முறித்த நாளிலிருந்து ஏழு வருடமாக இவர்தான் என்னை ஏற்றி இறக்குகிற சாரதி. ஊரில் எந்த மிட்வைஃபுக்கும் இல்லாத வசதி. மண்டபத்துக்கு அரைச்சுவர்தான். உள்ளே பேசுவது எல்லாம் வெளியில் கேட்கும் என்பது இவ்வளவு காலமும் என் புத்தியில் ஏறவில்லை.

பின்னேரம் கிணற்றடியில் இருந்து கூப்பிட்டார்.

"இஞ்சாரும், ஒருக்கா வாரும்."

போனால் நெஞ்சு முழுக்க சோப்பு நுரை.

"நீர் சொல்லுற மாதிரி மணிக்கூடு சுத்திப் பாத்தனான். சுத்துவட்டத்தில ஒண்டும் இல்லை. நடு ஆணியிலதான் ஏதோ நிக்குது."

இடது பக்கம். காம்புக்கு நேர் பின்னால். கச்சான் கடலைப் பருப்பளவு. கல்லுப் போல. நோவு இல்லை என்றார். நோவு இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"எப்பயிருந்து?"

"சித்திரை வருசத்துக்கு முதலே."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆம்பிளை போய் எப்பிடி இதைச் சொல்லுறது எண்டு இருந்திட்டன்."

கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்றேன். இந்தப் பக்கத்தில் எத்தனை பெண்களைத் தொட்டுப் பார்த்திருப்பேன். வீட்டில் இருக்கிற மனிதனை ஒருநாளும் அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை.

யூன் 4, புதன்

அரை நாள் லீவு. மல்லாவி ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்தார், அதிகம் பேசவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கடிதம். திங்கள் வரட்டாம்.

செய்ய வேண்டியவை:
திங்கள் லீவுக் கடிதம்.
சபீனா கடையில் பால்மா, பற்றரி.
ஞாயிறு எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை, மதகு பார்க்க ஆள்.
மாமிக்கு என்ன சொல்வது.

மாமி என்றால் இவருடைய அம்மா. எங்களோடுதான். எழுபத்தொன்பது வயது, கண் மங்கல், காது மட்டும் தேவைக்கு மேல். பல்லுக் காட்டப் போகிறோம் என்றோம். "மல்லாவியில பல்லுப் பிடுங்க ஆளில்லையோ?" என்றார். இவர் வாயைப் பொத்திக்கொண்டு நோகிற மாதிரி நடித்தார், அதுவும் வலது பக்கமும் இடது பக்கமும் மாறி மாறி. கண் மங்கல் என்பதால் தப்பினோம்.

யூன் 9, திங்கள்

விடிய ஐந்து மணிக்குப் புறப்பாடு. மாமி விடவில்லை. பயணம் போகும்போது எதிரில் நல்லது வர வேண்டும், முழுவியளம் பார்க்காமல் படலை தாண்டக் கூடாது. வழக்கம்போல முன்வீட்டுப் பவானியைக் கூப்பிட்டு, நிறைகுடத்தோடு எதிரில் வரச் சொன்னார். பவானிக்கு நான்கு பிள்ளைகள். வீட்டோடு இருக்கிற என்னை மாமி ஒருநாளும் அதற்குக் கேட்டதில்லை, பிள்ளை இல்லாதவள். ஊரில் பிறக்கிற குழந்தைகள் அத்தனையையும் நிறுக்கிறவள் நான், குடத்தோடு எதிரில் வர மட்டும் ஆகாது. எனக்குப் பழகிவிட்டது. பவானிக்குத்தான் ஒவ்வொரு முறையும் முகம் ஒரு மாதிரிப் போகும்.

யாழ். கிளினிக்கில் இருக்கிற வாங்கு முழுக்கப் பெண்கள், நடுவில் இவர் பனை மாதிரி. வாசலில் நின்றவர் வந்து, "ஐயா, ஆம்பிளையள் வெளியில நிக்க வேணும். மனுசி மட்டும் இருக்கட்டும்" என்றார். இவர் கிளினிக் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். சிவநேசன், ஐம்பது வயது, ஆண். வாசித்துவிட்டு அவர், "அப்ப நீங்கள் வெளியில வாங்கோ அம்மா" என்று என்னைக் கிளப்பினார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒதுங்கி இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

டொக்டர் சின்னப் பெண். நிதானமானவர். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். கட்டியைப் பார்த்தார், ஊசி போட்டுச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்தார். உயரம் அளந்தார், ஆறடி ஒன்று, பாதிக்கு மேல் கால். பிறகு கேட்டார், "பிள்ளையள் எத்தினை?"

"இல்லை டொக்டர். குறை எனக்குத்தான்."

பன்னிரண்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வசனம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"உங்களுக்கு என்ன குறை?"

எழுதுவதற்காகத்தான் கேட்டார். டொக்டர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு இவரிடம் வேறு கேள்விகள், திரைக்குப் பின்னால் முழுதாகப் பரிசோதனை. ஒரு தட்டையான குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் பூசினார். இரத்தம் கொழும்புக்கு. கட்டி ஒரு பக்கம், இது வேறு ஒரு சந்தேகம் என்றார்.

இனி எழுதுவதை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த அடுத்த வருடம் கலியாணம். மூன்று வருடம் பார்த்துவிட்டு நான் தனியாக யாழ்ப்பாணம் போய், சாயம் விட்டு எடுக்கிற படம் உட்பட எல்லாம் செய்தேன். எல்லாம் சரி. அந்த டொக்டர் றிப்போட்டின் பின்பக்கத்தில் "கணவரையும் கூட்டிக்கொண்டு வரவும்" என்று எழுதித் தந்தார். நான் வீட்டுக்கு வந்து, குறை எனக்காம், நீங்கள் வரத் தேவையில்லையாம் என்று சொன்னேன். ஊர் இவரை ஒரு சொல் சொல்வதை என்னால் கேட்க முடியாது. எனக்கு என்றால் காது மரத்துவிடும். அந்தத் தாள் அலுமாரியில் கூறைச்சீலைக்கு அடியில் இருக்கிறது.

யூன் 18, புதன்

புற்றுநோய்தான். எழுதிவிட்டேன், இனி அடுத்த வரி.

இவர் கேட்டது ஒன்றுதான். "ஆம்பிளையளுக்கும் வருமோ டொக்டர்?" அரிது, ஆனால் வரும் என்றார். யூலை இரண்டாம் தேதி ஒப்பரேசன். பிறகு, "நீங்கள் மிட்வைஃப்தானே, வாங்கோ ஒண்டு காட்டுறன்" என்று எங்கள் இருவரையும் லாபுக்குக் கூட்டிப் போனார்.

நுணுக்குக்காட்டியில் கண் வைத்தேன். இவருடைய கன்னத்தில் சுரண்டி எடுத்த ஒரு உயிர்க்கலம். நடுவில் கரு, கருவின் ஓரத்தில் ஒட்டினாற்போல ஒரு கரும்புள்ளி. பெண்களின் கலத்தில் காணுகிற புள்ளியாம் அது.

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதி வைக்கிறேன். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை நிறமூர்த்தம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். இரண்டும் ஒன்றாக வேலை செய்தால் கலத்துக்கு அளவு பிழைத்துவிடும். அதனால் தாய் வயிற்றில் முளையமாக இருக்கிற காலத்திலேயே ஒவ்வொரு கலமும் ஒரு எக்ஸை அடக்கிவிடுகிறது. அடங்கினது சுருண்டு ஓரத்தில் கிடக்கும், அதுதான் புள்ளி. அந்தக் கலத்தில் இருந்து பிறக்கிற கலங்களும் அதே எக்ஸைத்தான் ஆயுள் முழுக்க அடக்கி வைத்திருக்கும். இவருக்கு இரண்டு எக்ஸும் ஒரு வையும். ஆண்தான், ஒரு எக்ஸ் கூடுதல், பிறக்கும்போதே. ஆகவே இவருடைய கலங்களும் ஒன்றை அடக்கி வைத்திருக்கின்றன. ஆனால் அது முழுதாக அடங்குவதில்லை. அதில் உள்ள சில பரம்பரை அலகுகள் தப்பி வேலை செய்துகொண்டே இருக்குமாம். நீளக் கால், பிள்ளை இல்லாதது எல்லாம் இந்தக் கூடுதல் எக்ஸின் வேலை. இப்படியான ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட மார்புப் புற்றுநோய் வருகிற சாத்தியம் அதிகம். ஹோமோனும் சேர்ந்துதான், இந்த எக்ஸ் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பெண்களுடைய சில மார்புக் கட்டிகளில் இந்தப் புள்ளியே காணாமல் போய்விடுமாம். அடங்கிக் கிடந்தது ஏன் எழும்புகிறது என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம்.

இவர் நெடுநேரம் நுணுக்குக்காட்டியில் குனிந்து நின்றார். பிறகு சொன்னார், "மதகைச் சாக்குப் போட்டு அடைச்சாலும் கொஞ்சம் கசியும்தானே டொக்டர். அப்பிடியோ?"

"ஓம் ஐயா. அப்பிடித்தான்."

இவர் மருந்து எடுக்கப் போன இடைவெளியில் நான் டொக்டரைக் கேட்டேன், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னமே இது தெரிந்திருந்தால்? "நெஞ்சை வடிவாப் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லியிருப்பம். முந்திப் பிடிச்சிருக்கலாம். அப்பிடியும் பிடிபடாமல் இருந்திருக்கலாம். இப்ப அதை யோசிச்சு என்ன செய்யப் போறியள்?" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் முதல் வசனம் மட்டும்தான் என்னோடு பஸ்ஸில் வந்தது.

யூன் 20, வெள்ளி

காற்று. கோழி ஒன்று காணவில்லை, கீரி. மாதாந்த அறிக்கை கொடுத்தாயிற்று. பிரஷர் பட்டி இன்னும் வரவில்லை. சாப்பிடவில்லை என்று எழுதினால் அது உண்மையில்லை, இரண்டு தரம் புட்டுச் சாப்பிட்டேன்.

ஒப்பரேசன் விஷயத்தை மாமிக்குச் சொல்ல வேண்டி வந்தது. அழுதார். அழுது முடிய என் பக்கம் திரும்பி, "உன்னால அவனுக்கு ஒரு பிள்ளையும் இல்லை, நாளைக்குப் பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். "அம்மா, சும்மா இருங்கோ" என்று இவர் போட்ட சத்தத்தில் பவானி வீட்டு நாய் குரைத்தது. பன்னிரண்டு வருடமாக நான் விரும்பிக் கேட்ட பேச்சு. இன்றைக்குத்தான் தாங்கமுடியவில்லை. மாமியில் பிழை இல்லை, அவருக்கு அந்தக் கதையைக் கொடுத்தவளே நான்தான்.

எனக்கு இவர் வேண்டும். இந்த வீட்டில் இவருடைய இருமல், இவருடைய செருப்பு, பேப்பரைச் சத்தமாக வாசிக்கிற அந்தக் கெட்ட பழக்கம், எல்லாம் வேண்டும்.

யூன் 22, ஞாயிறு

ஸ்கந்தபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழி. மோட்டார் சைக்கிளில் முகம் பார்க்கத் தேவையில்லை. அதனால் அங்கே சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்ல வேணும். காத்துக்குக் கேக்குதோ?"

"கேக்குது, சொல்லும்."

சொன்னேன். படம், றிப்போட், பின்பக்கம் எழுதியிருந்தது, கூறைச்சீலை. வேகம் குறைந்துகொண்டே வந்தது. வாய்க்கால் பாலத்தில் நிறுத்திவிட்டார்.

"என்னைக் கூட்டிவரச் சொல்லி எழுதித் தந்தவையோ?"

"ஓம்."

"நீர் எனக்கு என்ன சொன்னனீர்?"

"நீங்கள் வரத் தேவையில்லையாம் எண்டு."

"ஏன்?"

"உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது எண்டு."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. நான் என்ன, ஊரை விட்டு ஓடியிருப்பனோ?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சத்தையும் சொன்னேன், முந்தித் தெரிந்திருந்தால் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருப்பார்களாம் என்று. 

கோபம் வந்தால் இவர் கத்துவதில்லை, மண்வெட்டியைத் தேடுவார். அங்கே மண்வெட்டி இல்லை. சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, கையால் பாசியைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். எங்களுடைய வாய்க்கால்கூட இல்லை அது. ஒரு அரைமணி நேரம். நான் பாலத்தில் நின்று அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும், "என்ன மிஸ், மோட்டச்சைக்கிள் பழுதோ?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

ஆனாலும் வீடு வரும்வரை பள்ளம் வந்த இடமெல்லாம் வழக்கம்போல பிரேக் பிடித்துத்தான் ஓடினார்.

யூன் 24, செவ்வாய்

நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று காலை கிளினிக்கில் என்னை இறக்கிவிட்டு வேம்பின் கீழ் நிற்காமல் போய்விட்டார். ஏழு வருடத்தில் முதல் தடவை. என் பேச்சில் இரண்டு இடம் பிழைத்தது. சபீனா கிட்ட வந்து, "சாரதி எங்க மிஸ்?" என்றார். கண் கலங்கிவிட்டது. அவர் மேற்கொண்டு கேட்காமல் என் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார்.

முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து நின்றார். கையில் ஒரு பாண், மாமிக்கு வெற்றிலை, ஒரு பெரிய கடித உறை. வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தார். என்னுடைய பழைய றிப்போட். லமினேற் பண்ணியிருக்கிறார். மல்லாவியில் கடைக்காரப் பெடியன், "இது ஆற்ற சேட்டிபிக்கற் அண்ணை?" என்று கேட்டானாம். "என்ர மனுசியின்ர" என்றாராம்.

மாமிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார். "கருப்பை சரி. ரெண்டு குழாயும் திறந்திருக்கு." இதையெல்லாமா தாய்க்கு வாசிப்பது, நான் குசினிக்குள் ஓடிவிட்டேன். பிறகு திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார். "இது எனக்கு எழுதினது அம்மா. நான் போகேல்லை. குறை என்னில, பிறக்கேக்கயே ஒரு எக்ஸ் கூட. ஆரிலயும் பிழை இல்லை, உங்களிலயும் இல்லை. ஆனா இவவில துளிப் பிழையும் இல்லை."

"அப்ப நான் இவ்வளவு காலமும் கதைச்சது?"

"ஆள் மாறிக் கதைச்சிருக்கிறியள்."

பாக்கு இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாமி, "பவானி வீட்டு ஆடு கத்துது, தண்ணி வைக்கேல்லைப் போல" என்றார். அவ்வளவுதான்.

இவர் குசினிக்கு வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றார்.

"நீர் செய்தது பிழை."

"ஓம்."

"ஒப்பரேசன் முடிஞ்சு வந்து வடிவா ஏசுறன். இப்ப ஏசினால் அரையில நிண்டுபோகும்."

தேங்காய்ச் சொட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

யூன் 30, திங்கள்

இன்று வார்டில் சேர வேண்டும். கொழும்பு றிப்போட்டும் வந்துவிட்டது, டொக்டர் நினைத்ததுதான்.

பையில்: சாரம் மூன்று, துவாய், சோப்பு, சுடுதண்ணீர்ப் போத்தல், கிளினிக் கொப்பி, றிப்போட்டுகள். லமினேற் பண்ணினதையும் இவர் அதற்குள் செருகினார். எதற்கு என்றேன். இருக்கட்டும் என்றார்.

ஓட்டோ வந்து நின்றது. பவானி தானாகவே குடத்தோடு வந்துவிட்டார், பாவம். மாமி படலையைப் பிடித்துக்கொண்டு, "பவானி, குடத்தை அவளிட்டக் குடு" என்றார். எனக்கு விளங்கவில்லை. "பிள்ளை, உன்னைத்தான். நீ எதிர வா."

பவானி குடத்தை என் இடுப்பில் வைத்துவிட்டுத் தன் முகத்தைத் துடைத்தார். நான் பையைத் தோளில் போட்டபடியே ஒழுங்கை முடக்குவரை போய்த் திரும்பி வந்தேன். நடை தெரியவில்லை. தண்ணீர் தளும்பிச் சீலையெல்லாம் நனைந்தது. இவர் ஓட்டோவுக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். "மெதுவா வாரும், நான் வடிவாப் பாக்க வேணும்."

குடத்தைப் படலையடியில் வைத்துவிட்டு நானும் ஏறினேன். ஓட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "எதிர வந்த ஆளே பயணத்திலயும் வரலாமோ ஆச்சி?"

"வரலாம். நீ ஓடு" என்றார் மாமி.

யூலை 2, புதன்

ஒப்பரேசன் முடிந்தது. மயக்கத்தில் என்னைப் பார்த்து, "தண்ணி முறை ஆருக்கு இண்டைக்கு?" என்றார். எங்களுக்குத்தான் என்றேன். பொய்தான். இது பரவாயில்லை.

யூலை 11, வெள்ளி

காயத்தில் வைத்த குழாயில் இன்னும் நீர் வருகிறது, அதனால் வீட்டுக்கு விடவில்லை. காலையில் டொக்டர் றிப்போட் சொன்னார். கட்டி முழுதாக எடுபட்டிருக்கிறது. அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் புற்று இருக்கிறது. ஒன்று. மருந்து ஏற்ற வேண்டும், பிறகு வருடக்கணக்கில் குளிசை. நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றார். அந்த ஒன்று இந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரியாது. அதை நான்தான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பின்னேரம் நேரத்தோடு வந்துவிட்டேன். நோயாளர் பார்க்கும் மணி அடிக்கவில்லை. வார்டு யன்னலுக்கு வெளியே நின்றேன், நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. உள்ளே இவருடைய குரல். ஆண்கள் வார்டு, எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

"குளிக்கேக்க, சோப்புக் கையால. விரல் தட்டையா இருக்க வேணும். மணிக்கூடு சுத்திற மாதிரி. நடு ஆணியை மறக்கக் கூடாது, ஆம்பிளையளுக்கு அங்கதான் கூட வரும்."

என் பேச்சு, ஒரு சொல் பிசகாமல். நடு ஆணி மட்டும் இவருடையது. அதை நான் இனிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" யாரோ வயதானவர்.

"என்ர மனுசி. எனக்குச் சொல்லேல்லை, பொம்பிளையளுக்குச் சொன்னவ. நான் வெளியில நிண்டு கேட்டனான்."

"பிள்ளையள் எத்தினை?"

பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள். இடையில் சுவர்.

"இல்லை. குறை எனக்கு. அவவுக்கு ஒண்டும் இல்லை. பேப்பர் இருக்கு, பாருங்கோ."

பை திறக்கிற சத்தம். பிறகு அந்த வயதானவர், "என்ன தம்பி, லமினேற் எல்லாம் செய்து வைச்சிருக்கிறீர்?"

"கனபேருக்குக் காட்ட வேணும் ஐயா. கசங்கிப்போகும்."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வெளியில் நின்று கேட்க வேண்டும் போலிருந்தது.